விதைநெல்லில் பாதி

மாடித் தொட்டியில் மண் வெடித்திருந்ததைப் பார்த்துப் பதறிப்போய் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினேன். குப்பென்று எழுந்த அந்த வாசனையில், யுத்த காலத்தில் அடையாற்றுக்குத் தெற்கே நாங்கள் குத்தகைக்குப் பயிரிட்ட வயல் கண்ணில் வந்து நின்றது.

அந்த வருஷம் அரிசி கிடைக்காமல், விதைநெல்லில் பாதியைத் தின்றுவிட்டோம். மீதியில் வந்த நாற்றைக் கொத்தாக நட்டால் பாதி வயலுக்குக்கூடக் காணாது. அம்மா ஒவ்வொரு நாற்றாகப் பிரித்து, சாண் இடைவெளி விட்டு நட்டாள். பக்கத்து வயல் மாமா வரப்பில் நின்று சிரித்தார்.

"இன்னா நைனா, வயலு சொட்டத் தல மாதிரி கீது?"

அப்பாவுக்கு மானம் போயிற்று. வருஷம் முழுக்கச் சோற்றுக்கு என்ன செய்வது என்ற பயம் வேறு. சொட்டை தெரியாமலிருக்க ஏரித் தண்ணீரை நிறையக் கட்டிவைத்தார். நாற்று மஞ்சளடித்தது. அம்மா வரப்பை வெட்டி வடியவிட்டாள்.

"பயிரு செத்துப்பூடும்மே!" என்று அப்பா அலறினார்.

"தண்ணி நின்னாத்தான் சாவும். வேரு மூச்சு வுட வேணாமா? காயட்டும், அப்பறம் பாய்ச்சு."

மண்ணில் மயிரிழையாக வெடிப்பு கண்ட பிறகுதான் தண்ணீர் விட்டாள். ஒற்றை நாற்று கிளைத்துக் கிளைத்துப் பெரிய தூராயிற்று. அறுப்பன்று ஒரு தூர் அப்பாவின் கைப்பிடிக்குள் அடங்கவில்லை. குத்தும்போது அரிசியும் அதிகம் நொய்யாகாமல் முழுசாக வந்தது.

மறு வருஷம் அப்பா வழக்கமான கவலையோடு கேட்டார்: "எவ்ளோ வெதைய ஊற வெக்கலாம்?"

"போன வருஷம் போட்ட அளவுதான்," என்றாள் அம்மா. "மீதிய ஆக்கித் துன்லாம்."