படத்தில் வந்த துரை

பதுளைப் பள்ளிக்கூட மண்டபத்தில், உபகாரச் சம்பளத்தில் சித்திரம் பயிலும் இளைஞர்கள் தங்கள் புதிய படங்களை மாட்டியிருக்கிறார்கள். ஒரு படத்தை விட்டு என்னால் நகர முடியவில்லை. விடியலில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் தெமோதரைத் தோட்டத்துத் துரை குதிரைமேல் இருக்கிறார். பனியில் குதிரையின் மூச்சுகூடப் புகைகிறது.

அந்தத் தோட்டத் தொழிலாளி ஒருவர் படத்தருகே வருகிறார். சட்டென்று தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கி, தலைகுனிந்து ஒதுங்கி நிற்கிறார். வரைந்தவனுக்கு இதைவிடப் பரிசு வேறென்ன வேண்டும்?

“பெரியவரே, வெறும் படந்தான்” என்கிறேன்.

“அட, ஆமாங்க!” வெட்கத்தோடு சிரித்துத் தலைப்பாகையைத் திரும்பக் கட்டிக்கொள்கிறார். பிறகு படத்துக்கு நேரே போய் நிமிர்ந்து நிற்கிறார்.

“இத்தன வருசத்துல எங்க தொரை மொகத்த இன்னைக்குத்தாங்க பாக்குறேன். கண்ணு ரெண்டும் பூனக்கண்ணுங்க.”

நான் விலகி இடம் விடுகிறேன். அவர் அவசரப்படவில்லை.