பின்வளவில் தங்கம் தேடிய எட்டு மாதங்கள்

லண்டன் சட்டனில் எங்கள் வீட்டுப் பின்வளவு பெரியதல்ல. பாதி புல், மீதிப் பாதி, நான் வெங்காயமும் உருளைக்கிழங்கும் போட்டுப் பார்த்துத் தோற்ற மண். அந்தத் துண்டு நிலத்தில் நான் எட்டு மாதம் தங்கம் தேடினேன். தங்கம் அங்கே இருக்கிறது என்பதில் எனக்கு ஒரு துளி சந்தேகமும் இருக்கவில்லை. புதைத்தவனே நான்தான்.

சிரிப்பு வந்தால் சிரியுங்கள். என் மகள் போதிய அளவு சிரித்துவிட்டாள்.

தங்கம் என்றால் என் மனைவியின் தாலிக்கொடி. அவள் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறாள். அங்கே கழுத்தில் சங்கிலி போடக்கூடாது என்பது விதி. அதனால் கொடி விசேஷங்களுக்கு மட்டும் வெளியே வரும், மற்ற நாட்களில் வங்கி லொக்கரில் கிடக்கும். ஒரு நாள் லொக்கர் சேவையை நிறுத்துகிறோம், வந்து பொருளை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கடிதம் வந்தது. எடுத்துவந்து அலுமாரிக்குள் வைத்தோம். வைத்த மாதமே எங்கள் தெருவில் இரண்டு வீடுகள் உடைபட்டன. இரண்டும் எங்கள் ஆட்களின் வீடுகள். கள்ளர்கள் உலோகம் காட்டும் கருவியோடு வருகிறார்களாம், மெத்தை, அரிசி வாளி எல்லாம் தடவிப் பார்க்கிறார்களாம் என்று கோயிலில் ஒருவர் சொன்னார். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இப்படியான நேரத்தில் என் மூளை என்னைக் கேட்காமலே யாழ்ப்பாணத்துக்குப் போய்விடும். இடம்பெயர்ந்து ஓடிய நாளில் நகை வைத்திருந்த வீடுகள் பலவும் ஒரே காரியத்தைத்தான் செய்தன. நகையைப் பால்மா டின்னில் போட்டு, மூடியைச் சுற்றி மெழுகுதிரியை உருக்கி ஊற்றி, வளவுக்குள் குழி தோண்டித் தாட்டார்கள். அதற்கு விதிகள் இருந்தன. இடம் ஒருவருக்குத்தான் தெரிய வேண்டும். கடதாசியில் எழுதக்கூடாது, எழுதினால் சோதனைச் சாவடியில் அகப்படும். அடி வைத்து அளந்து, அந்தக் கணக்கை மனதுக்குள் வைத்திருக்க வேண்டும். என் அப்பா அப்படித் தாட்டுவிட்டு ஓடி, அரை வருடம் கழித்துப் போய் ஒரு தோடுகூடக் குறையாமல் எடுத்துவந்தவர்.

சட்டனில் சோதனைச் சாவடி எங்கே இருக்கிறது என்று நான் என்னைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை, மனைவி காலை ஷிப்டுக்குப் போனபிறகு, கொடியைப் பொலித்தீன் பையில் சுற்றி, பால்மா டின்னில் போட்டு, மெழுகு ஊற்றி, ஒன்றரை அடி ஆழத்தில் தாட்டேன். தோட்டச் சாமான் வைக்கும் கொட்டிலின் வலது மூலையில் இருந்து பிளம் மரத்தைப் பார்த்து, குதிக்காலும் பெருவிரலும் முட்ட ஒன்பது அடி. பிறகு இடப்பக்கம் நாலு அடி. பக்கத்து வீட்டு வெள்ளைக்கார மூதாட்டி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, உருளைக்கிழங்கா என்று கேட்டார். ஆம் என்று தலையாட்டினேன். என் கெட்டித்தனத்தை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

மாலையில் மனைவி அலுமாரியைத் திறந்து பார்த்துவிட்டு வந்தாள்.

"கொடி எங்கையப்பா?"

"பத்திரமா வைச்சிருக்கிறன்."

"அதுதான் எங்கை எண்டு கேக்கிறன்."

"உமக்குத் தெரியாமல் இருக்கிறதுதான் நல்லது. ஒருத்தருக்குத்தான் தெரியவேணும்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்குக் காரணம் இருந்தது. கல்யாணம் முடித்த புதிதில், ஊரில் என் தங்கையின் திருமணம் அந்தரத்தில் நின்றபோது, மனைவியின் காப்புகளை அவளைக் கேட்காமல் நான் அனுப்பிவிட்டேன். அவள் கேட்டபோதெல்லாம் பத்திரமாக இருக்கிறது என்றே சொல்லிவந்தேன். இரண்டு வருடம் கழித்து வேறு ஆட்கள் மூலம் உண்மையை அறிந்துகொண்டாள். அன்றைக்கு அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அந்த வருடக் கார்த்திகையில் ஒரு பெரும் புயல் அடித்தது. பிளம் மரம் வேரோடு சாய்ந்து நேராகக் கொட்டிலின் மேல் விழுந்தது. என்னுடைய இரண்டு அடையாளங்களும் ஒரே அடியில் போயின. நான் இன்சூரன்ஸைப் பற்றித்தான் கவலைப்பட்டேன். இரண்டு பேர் வந்து மரத்தை அறுத்து, வேரைக் கிண்டி எடுத்து, உடைந்த கல்லையெல்லாம் அள்ளிக் கொட்டி மண்ணை நிரவி, புதுக் கொட்டிலைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளி வைத்துவிட்டுப் போனார்கள். எவ்வளவு முன்னுக்கு என்று நான் கேட்கவில்லை. தேநீர் கொடுத்து அனுப்பினேன்.

பெப்ரவரியில் மகளின் கல்யாணம் ஓகஸ்ட்டுக்கு நிச்சயமானது. கொடியை எடுத்து மினுக்கக் கொடுக்க வேண்டும் என்று மனைவி சொன்னாள். அடுத்த லீவு நாளில் மண்வெட்டியோடு இறங்கினேன். முதலாவது குழியில் இல்லை. ஒருவேளை புதைத்த அன்று செருப்போடு அளந்தேனா, சப்பாத்தோடு அளந்தேனா? இரண்டாவதில் இல்லை. மூன்று மணிக்கு மனைவி வேலையால் வந்தபோது பதினொரு குழிகள் இருந்தன, நான் பன்னிரண்டாவதற்குள் நின்றேன்.

சொல்லிவிட்டேன். வேறு வழி இருக்கவில்லை. அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தாலியையோ மண்ணுக்கை தாட்டனீங்கள்? நீங்கள் உயிரோடை இருக்கேக்கையோ?"

அந்தப் பக்கத்தை நான் யோசித்திருக்கவே இல்லை. கொடி என்றுதான் நினைத்தேனே தவிர, அதில் தாலி கோர்த்திருக்கிறது என்பது என் தலைக்குள் ஏறவில்லை.

"கள்ளருக்குப் பயந்துதான்... சத்தியமா இஞ்சைதான் இருக்கு. பத்திரமாத்தான் இருக்கு."

"ஓம். என்ர காப்பும் பத்திரமாத்தான் இருந்தது."

அவ்வளவுதான் சொன்னாள். உள்ளே போய்ச் சோற்றை அடுப்பில் வைத்தாள். நான் குழிக்குள்ளேயே நின்றேன். வாழ்க்கையில் எத்தனையோ பொய் சொல்லித் தப்பியிருக்கிறேன். உண்மை சொன்ன ஒரு நாளில் இப்படி அகப்பட்டேன். கொடியைவிட, அவள் என்னை நம்ப வேண்டும் என்பதுதான் அந்த நிமிடத்தில் இருந்து எனக்குப் பெரிதாகிவிட்டது.

அந்த வாரமே, கள்ளர் கொண்டுவருகிறார்கள் என்று எந்தக் கருவிக்குப் பயந்தேனோ, அந்தக் கருவியை இணையத்தில் பழையதாக வாங்கினேன். நீளக் கம்பு, அடியில் ஒரு தட்டு, கைப்பிடியில் எண் காட்டும் சின்னத் திரை, காதில் மாட்டும் ஹெட்போன். மண்ணுக்கு மேலால் தட்டை அசைத்துக்கொண்டு நடக்க வேண்டும். உலோகம் இருந்தால் கத்தும். முதல் நாள் எங்கே வைத்தாலும் கத்தியது. பத்து நிமிடத்தில் கழற்றி எறிந்துவிட்டேன்.

பிறகு வீடியோக்கள் பார்த்துப் படித்தேன். தொப்பி போட்ட ஒரு ஆங்கிலேயர் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். லண்டன் மண்ணில் ஆணியும் தகரமும்தான் அதிகம், இரும்பை முதலில் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பைத்தியம் பிடிக்கும் என்றார். ஒரு பொத்தானை அழுத்தினால் கருவி இரும்பைக் கண்டும் காணாததுபோல் போய்விடும். அழுத்தினேன். வளவு அமைதியானது. தங்கமும் சோடாப் பேணியைத் திறக்கும் வளையமும் திரையில் ஏறக்குறைய ஒரே எண்ணைத்தான் காட்டும், அதனால் ஒவ்வொன்றையும் கிண்டித்தான் பார்க்க வேண்டும் என்றும் அவர் சொன்னார். மிகப் பழைய தங்கம் கிடைத்தால் அரசாங்கத்துக்கு அறிவிக்க வேண்டுமாம். எங்கள் கொடி எங்கள் கல்யாணத்துக்குச் செய்தது. அரசர் அதற்கு ஆசைப்பட இடமில்லை.

மாப்பிள்ளைக்கு இதைச் சொல்லத் தனக்கு வெட்கமாக இருக்கிறது என்றாள் மகள்.

"அப்பா, ப்ளீஸ், you look like a pirate."

கிண்டினேன். சோடாப் பேணி வளையங்கள், செப்புக் கம்பித் துண்டுகள், வெள்ளீயக் கடதாசி, ஒரு சின்ன விளையாட்டுக் கார், பழைய பூட்டின் பித்தளைத் திறப்பு ஒன்று, பழைய பெரிய செப்புக்காசு இரண்டு. ஒவ்வொரு முறை மெல்லிய சத்தம் கேட்கும்போதும் முழங்காலில் இருந்து கையால் மண்ணைப் பிசைவேன், ஒரு வளையம் வரும். பக்கத்து வீட்டு மூதாட்டி வேலிக்கு மேலால் பார்த்து, போன வருட உருளைக்கிழங்கையா தேடுகிறாய் என்று கேட்டார். அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தால், அவர் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை.

மனைவி யன்னலால் பார்ப்பாள். ஒன்றும் சொல்லமாட்டாள். சாப்பாடு நேரத்துக்கு மேசைக்கு வரும். ஷிப்டைப் பற்றிக் கதைப்பாள், மண்டபத்தைப் பற்றிக் கதைப்பாள், கொடியைப் பற்றி மட்டும் இல்லை. நான் நடிக்கிறேன் என்று அவள் நினைக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. நடிப்புக்காக ஒருவன் மழைக்குள் முழங்காலில் இருப்பானா என்று கத்த வேண்டும்போல் இருக்கும். கத்தவில்லை. காப்பு விஷயத்தில் நான் நடித்தது இதைவிடத் திறமாக இருந்தது.

ஜூலையில் அவள் தனியாகச் சவுத்தால் கடைத்தெருவுக்குப் போய் ஒரு கவரிங் கொடி வாங்கிவந்தாள். பெட்டியை மேசையில் வைத்துவிட்டு உடுப்பு மாற்றப் போனாள். திறந்து பார்த்தேன். நல்ல வேலைப்பாடுதான். அதைப் பார்த்துக்கொண்டு இருக்க என்னால் முடியவில்லை.

கல்யாணம் நன்றாக நடந்தது. மனைவி மணவறைக்குப் பக்கத்தில் கூறைச்சேலையும் அந்தக் கொடியுமாக நின்றாள். சாப்பாட்டு நேரம் அவளுடைய தமக்கை, கனடாவில் இருந்து வந்தவர், எந்த நகையையும் கண்ணால் நிறுத்துப் பார்க்கக்கூடியவர், கொடியைக் கையில் தூக்கிப் பார்த்தார். நான் இரண்டு மேசை தள்ளித் தண்ணீர்ப் போத்தல் வைத்துக்கொண்டு நின்றேன்.

"இது உன்ர பழைய கொடி இல்லையே?"

"இல்லையக்கா. மகளின்ர கலியாணத்துக்கெண்டு இவர் புதுசாச் செய்விச்சுத் தந்தவர்."

அவள் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. என் கையில் இருந்த போத்தலை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒக்டோபரில் ஒரு காலை. கல்யாணத்துக்கு வந்தவர்களுக்கு மகளும் மாப்பிள்ளையும் தங்கள் படம் போட்ட காந்தத் துண்டுகள் கொடுத்திருந்தார்கள், குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுவதற்கு. மிஞ்சிய ஒன்றை மனைவி கையில் எடுத்து, இடமில்லாமல், மிளகாய்த்தூள் போட்டுவைத்திருக்கும் பால்மா டின்னில் ஒட்டினாள். அது டக்கென்று ஒட்டிக்கொண்டது.

நான் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன். காந்தத்தைப் பிடுங்கி எடுத்து மறுபடியும் ஒட்டினேன். மறுபடியும் டக்.

"என்னப்பா?"

எட்டு மாதம்! தங்கம், தங்கம் என்று தேடினேனே தவிர, நான் புதைத்தது ஒரு இரும்பு டின் என்பதை மறந்துவிட்டேன். தங்கம் அதன் வயிற்றுக்குள் அல்லவா இருக்கிறது. இரும்பைப் பார்க்காதே என்று கருவிக்குச் சொன்னதும் நான்தான். அந்த முட்டாள் கருவியும் சொன்னபடி கேட்டிருக்கிறது.

கருவியை எடுத்துக்கொண்டு, கட்டியிருந்த சாரத்தோடு இறங்கினேன். பொத்தானை மாற்றினேன். வளவு முழுக்க மறுபடியும் கத்தியது, ஆணிக்கு ஆணிக் குரல், தகரத்துக்குத் தகரக் குரல். புதுக் கொட்டிலின் வாசலில் இருந்து மூன்று எட்டுத் தூரத்தில், நான் நூறு தரம் நடந்து திரிந்த இடத்தில், காது கிழியும்படி ஒரு சத்தம் வந்தது. அரை மணித்தியாலத்தில் மண்வெட்டி டின்னின் மூடியில் தட்டியது.

டின்னைச் சமையலறை மேசையில் கொண்டுபோய் வைத்தேன். மூடியில் துரு ஏறியிருந்தது. மனைவி கத்தியால் மெழுகைச் சுரண்டித் திறந்தாள். பையைப் பிரித்துத் தாலியை உள்ளங்கையில் வைத்துக் கண்ணில் ஒற்றினாள். பிறகு கதிரையில் இருந்து அழத் தொடங்கினாள். நான் எதிர்பார்த்தது அழுகையை அல்ல, ஏச்சை.

"நான் உங்களை நம்பேல்லை," என்றாள்.

"தெரியும்."

"இல்லை, தெரியாது. ஒரு நாளும் நம்பேல்லை. ஆருக்கோ குடுத்துப்போட்டு மழைக்கை நிண்டு கூத்தாடுறீங்கள் எண்டுதான் நினைச்சனான்."

"பிறகேன் உம்மட அக்காவிட்டை, நான் புதுசாச் செய்விச்சுத் தந்தனான் எண்டு சொன்னனீர்?"

அவள் மூக்கைத் துடைத்தாள். "பின்னை என்ன சொல்லுறது? மகளின்ர கலியாணத்திலை உங்களை நாலு பேருக்கு முன்னாலை தலைகுனிய விடச் சொல்லுறீங்களோ?"

நான் அவளுக்குச் செய்தது களவு என்று நினைத்துக்கொண்டே, அவள் எனக்கு மரியாதை வாங்கித் தந்திருக்கிறாள். காப்புக்காக நான் ஒரு நாளும் மன்னிப்புக் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன். அவள் தலையை ஆட்டினாள்.

தேநீர் குடித்து முடிந்ததும் எழும்பினாள். துருப்பிடித்த டின்னைக் குப்பையில் போட்டுவிட்டு, மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்துத் துடைத்தாள். கொடியைப் பையில் சுற்றி அதற்குள் வைத்தாள்.

"மண்வெட்டியை எங்கை விட்டனீங்கள்?"

"வெளியிலைதான். ஏன்?"

"லொக்கரும் இல்லை, கள்ளரும் திருந்தேல்லை. நீங்கள் முன்னறையிலை போய் இருங்கோ. ஒருத்தருக்குத்தான் தெரியவேணும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

முன்னறையில் போய் இருந்தேன். யன்னலுக்கு வெளியே தெருதான் தெரியும். பின்னால் மண்வெட்டி மண்ணில் இறங்கும் சத்தம் கேட்டது. எட்டு மாதம் கிண்டியவனுக்கு அந்த வளவின் சத்தம் எல்லாம் மனப்பாடம். வேலியோரம் மெத்தென்று இறங்கும், கொட்டிலடியில் உடைந்த செங்கல்லில் கிறீச்சிடும், பிளம் மரம் நின்ற இடத்தில் மிச்ச வேர் தடுக்கும். இன்னும் இரண்டு வெட்டுக் கேட்டால் எந்த இடம் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

ரிமோட்டை எடுத்து, ரீவியின் சத்தத்தைக் கூட்டினேன்.