ஹஃப்ஸா அமுக்காத விரல்கள்

ஆம்பூர் ஹஃப்ஸாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். டேனரியில் தோல் ஊறப்போடும் சர்தார் பாஷாவின் மகள் அவள். அந்தத் தெருவிலிருந்து டாக்டருக்குப் படிக்கப் போன முதல் பெண். "கோவத்தைக் கொஞ்சம் அடக்கிக்கோம்மா, பாஸ் பண்ற வரைக்குமாவது" என்று அவர் கெஞ்சாத நாளில்லை. கடைசி வருடம் வரை அவளும் எப்படியோ அடக்கிக்கொண்டுதான் வந்தாள்.

மூட்டுவாதப் பிரிவில் பயிற்சிக்குப் போன பிறகு அது முடியாமல் போயிற்று. அங்கே ஒரு வழக்கம். வீங்கிய விரல்களோடு வரும் நோயாளியைச் சுற்றி மாணவர்களை நிறுத்தி, ஒவ்வொருவரும் விரல் முட்டிகளைச் சேர்த்துப் பிடித்து அமுக்க வேண்டும் என்பார்கள். நோயாளி முகம் சுளித்தால் நோய் இன்னும் அடங்கவில்லை என்று அர்த்தம். ஒருத்தர் அமுக்கினால் போதாதா? எல்லோரும் கற்க வேண்டுமாம். கற்கட்டும், அதற்கு அந்தக் கை என்ன பிசைந்து வைத்த மாவா?

இறுதிச் செய்முறைத் தேர்வில் அவளுக்கு விழுந்த நோயாளி ஜோதி. ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைப்பவள்.

"ராத்திரியெல்லாம் தூங்கலை பாப்பா. ரெண்டு நாளா மாத்திரை போடலை" என்றாள்.

"ஏங்க்கா போடலை?"

"பரீட்சை முடியற வரைக்கும் போடாதேன்னு நவீன்குமார் டாக்டர் சொல்லிட்டாரு. போட்டா வீக்கம் கம்மியாயிடுமாம், பசங்களுக்குத் தெரியாதாம்."

ஹஃப்ஸாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வார்டைப் பார்த்துக்கொள்ளும் மேல்படிப்பு மாணவன் இந்த நவீன்குமார். மனுஷனா அவன்? பரீட்சை நன்றாக நடக்கட்டும் என்று ஒருத்தியின் வலியைச் சேர்த்து வைத்திருக்கிறான். இதில் காலையிலிருந்து வந்த மாணவர்கள் வேறு வரிசையாக அந்தக் கையை அமுக்கிவிட்டுப் போயிருந்தார்கள்.

தேர்வாளர் வந்தார். "அமுக்கிக் காட்டு."

"வலி இருக்கு சார். காலையிலேர்ந்து எல்லாரும் அமுக்கியாச்சு, மாத்திரையையும் நிறுத்தி வெச்சிருக்காங்க. நான் அமுக்க மாட்டேன்."

"பரிசோதனை பண்ணாம எப்படிச் சொல்றே? பெயிலாயிடுவே."

"அவங்களே வலிக்குதுன்னு சொல்றாங்களே சார்."

அவர் முகம் சிவந்தது. ஹஃப்ஸாவை ஒதுக்கிவிட்டு, தானே ஜோதியின் கையைப் பிடித்து அமுக்கினார். "வலிக்குதாம்மா?"

ஜோதி பெரிய டாக்டரைப் பார்த்தாள், திட்டு வாங்கிக்கொண்டு நிற்கும் பெண்ணைப் பார்த்தாள். தன்னால்தான் பாப்பாவுக்கு வம்பு என்று நினைத்துவிட்டாள். கம்பெனியில் சூப்பர்வைசர் பக்கத்தில் வரும்போது தைக்கிற பெண்கள் எல்லோரும் வைத்துக்கொள்ளும் முகம் ஒன்று உண்டு. கை வலி என்று தெரிந்தால் மிஷினிலிருந்து எழுப்பிவிடுவார்களே! அந்த முகத்தை வைத்துக்கொண்டாள்.

"இல்லீங்க சார். வலியே இல்லை."

"பார்த்தியா?" என்றார் தேர்வாளர். "நோய் அடங்கியிருக்கு, நீ கதை சொல்றே. வேணும்னா இப்பவாவது அமுக்கிக் காட்டு."

எங்கே அமுக்கினால் அந்த முகம் உடையும் என்று ஹஃப்ஸாவுக்குத் தெரியும். ஒரு நெரி நெரித்தால் போதும். ஜோதி கத்துவாள், ஹஃப்ஸா ஜெயித்துவிடுவாள். கை நீண்டுகூட விட்டது. சட்டென்று இழுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"மாட்டேன் சார்."

"அப்போ போ. ஆறு மாசம் கழிச்சு வா" என்று ஜோதிக்குப் புரியாத இங்கிலீஷில் சொன்னார்.

அவர் அடுத்த கட்டிலுக்குப் போனதும் ஜோதி மெல்ல அவளைக் கூப்பிட்டாள். கண்ணெல்லாம் தண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு.

"பாஸாயிட்டியா பாப்பா? வலிக்கலைன்னு சொல்லி உன்னைக் காப்பாத்திட்டேன் பாரு."

யார் சொல்லச் சொன்னது உன்னை? வந்த ஆத்திரத்துக்கு ஹஃப்ஸா அவள் தோளைப் பிடித்து உலுக்கியிருப்பாள். தோளும் வலிக்குமே.

"பாஸ்தாங்க்கா" என்றாள். "மாத்திரையைப் போடுங்க."