பூமியைக் காப்பாற்றிய என் அண்ணன்

கனடாவில் இருக்கும் என் அண்ணனுக்குத் திடீரென்று பூமியின் மேல் பாசம் பொங்கிவிட்டது. பனிக்குள் இருந்துகொண்டு அதைக் காப்பாற்ற அவருக்குக் கிடைத்த இடம், வேலணையில் நான் இருக்கும் வீடு. கூரை முழுக்கச் சோலர் போடவேண்டும் என்றார். வீடு அவருடைய காசில் எழும்பியது. அதனால் கூட்டுவதும் துடைப்பதும் நான், யோசிப்பது அவர்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சோலர்காரர் கூரையைப் பார்த்தார், பிறகு முற்றத்து வேம்பைப் பார்த்தார். மத்தியானத்துக்குப் பிறகு அதன் நிழல் கூரையில் விழுகிறதாம், சோலர் தகட்டுக்கு வெயில் காணாதாம். அந்த மரத்தின் கீழே இருந்துதான் நான் மீன் வெட்டுவது, வந்தவர்களோடு ஊர்க்கதை கதைப்பது. தெற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றும் அதற்குள்ளால் புகுந்து குளிர்ந்துதான் யன்னலுக்கு வரும். அந்த வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே சுகம் அதுதான்.

வட்ஸ்அப்பில் அண்ணனோடு தொண்டை கிழியக் கத்தினேன். மரம் நிற்கட்டும், தகட்டைக் குறைப்போம் என்றேன். மனுசன் அசையவில்லை.

"உனக்கு உதுகள் விளங்காது. இது சூழலுக்கு நல்லது."

வேம்பு விழுந்தது. சூழலுக்கு இடைஞ்சலாக இந்த உலகத்தில் நின்ற மரம் அது ஒன்றுதான் போலும். அடுத்த கிழமையே வீடு பாண் சுடுகிற போறணையாகிவிட்டது. சுவரில் கை வைக்க ஏலாது. நான் முறையிட, அண்ணன் பெரிய மனது பண்ணி ஏசி பூட்டுவித்தார். தகடு வெயிலைக் குடிக்கும், அதே வெயிலை விரட்ட ஏசி தகட்டைக் குடிக்கும். அண்ணனுக்கோ பரம திருப்தி.

கோயில் திருவிழாவுக்கு அண்ணனே வந்து இறங்கினார். கூரையை நாலு பக்கமும் நின்று படம் எடுத்துக் கனடாவுக்கு அனுப்பினார். சாப்பிட்டுவிட்டு ஏசிக்குக் கீழே சரிந்ததும் கரண்ட் போய்விட்டது. ஊர்க் கரண்ட் நின்றால் எங்கள் சோலரும் தானாக நின்றுவிடும். அதைச் சோலர்காரர் முதலே சொன்னவர், அண்ணன்தான் காதில் விழுத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் பெனியனைக் கழற்றித் தோளில் போட்டபடி, பழக்கதோஷத்தில் காற்று வாங்க இருக்கக் கதிரையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தார். கொதிக்கிற மணலில் நின்று அங்குமிங்கும் பார்த்தார்.

"தங்கச்சி, கதிரையை எங்க போடுறது?"

"நீங்கள் வெட்டுவிச்ச வேம்புக்குக் கீழ போடுங்கோ, அண்ணை."