பழுது தேடும் கண்

அந்த வருடம் பிஎச்.டி. சேர்க்கைக்கு எனக்கு வந்தது ஒரே ஒரு நேர்காணல், செல் உயிரியல் ஆய்வகம் ஒன்றில். எம்.எஸ்சி. முடித்தபின் மூன்று வருடமும் அருள்புரத்துப் பனியன் கம்பெனியில், தைத்து வரும் துணியில் பழுது தேடும் செக்கிங் வேலையில் இருந்தேன். நேர்காணலில் அதைச் சொல்லக் கூச்சப்பட்டு, வீட்டிலிருந்தபடி தேர்வுக்குப் படித்ததாகச் சொன்னேன்.

பேராசிரியர் என்னை நுண்ணோக்கி முன் உட்கார வைத்தார்.

"என்ன தெரியுதுன்னு சொல்லும்மா."

ஓரத்தில் சாயம் திட்டாகப் படிந்திருந்ததைச் சொன்னேன். ஒரு செல் கிழிந்திருந்தது, மூலையில் காற்றுக் குமிழி இருந்தது, அவற்றையும் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை என்ற திமிர் வேறு.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாங்க."

"நடுவுல ஒரு செல் ரெண்டாப் பிரிஞ்சுட்டு இருக்கே, அது கண்ணுல படலையா?"

மறுபடி பார்த்தேன். பாடப்புத்தகத்துப் படம்போல அத்தனை தெளிவாக இருந்தது. நன்றாக இருந்ததால்தான் தாண்டிப் போயிருக்கிறேன். செக்கிங் மேசையில் நல்ல துணிமேல் கண் நிற்கக் கூடாது; நின்றால் சூப்பர்வைசர் கத்துவார். பாழாய்ப்போன கண் அதற்குப் பழகிவிட்டது.

"அடுத்தவங்கள வரச் சொல்லும்மா" என்றார் பேராசிரியர்.

திங்கட்கிழமை மேசைக்குத் திரும்பினேன். ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் என்று கண்ட இடத்திலெல்லாம் அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டினேன். சூப்பர்வைசர் வந்து பக்கத்தில் நின்று பார்த்தார்.

"உங்க கண்ணு வேற யாருக்கும் வராதுங்க" என்றார்.