ஒரே ரோலில் இரண்டு குடும்பங்கள்

ஐம்பது வயதில் எனக்கு ஃபிலிம் கேமரா பைத்தியம் பிடித்தது. காரணம் ஒன்றும் உயர்வானதல்ல. எங்கள் பள்ளியின் ஆங்கில டீச்சர் பேக்கரி வகுப்பில் சேர்ந்து, தினமும் ஸ்டாஃப் ரூமில் கேக் காட்டிக்கொண்டிருந்தார். கணக்கு டீச்சரான என்னிடம் காட்ட ஒன்றுமில்லை. கொழுந்தனார் வீட்டுப் பரணில் கிடந்த பழைய கேமராவைக் கேட்டு வாங்கி வந்தேன். பத்து நாள் யூடியூப் பார்த்தேன். பதினோராம் நாள், செல்போனில் எடுப்பதெல்லாம் படமே இல்லை என்று மற்றவர்களுக்கு வகுப்பெடுக்க ஆரம்பித்துவிட்டேன்.

முதல் ரோலைத் திருச்சியில் வீட்டிலேயே எடுத்துப் பழகினேன். குக்கர், மொட்டை மாடியில் காயும் துணி, சாய்வு நாற்காலியில் வாயைத் திறந்தபடி தூங்கும் கணவர். தூங்குகிறவர் அசையமாட்டார் என்பதால் அவரை மட்டும் பதினோரு தடவை எடுத்தேன். ரோல் முடிந்ததும் திரும்பச் சுற்றி வெளியே எடுத்தேன். ஃபிலிம் நுனி கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தால் கழுவுகிறவர்களுக்கு வசதி என்று ஒரு வீடியோவில் சொல்லியிருந்தார்கள். அப்படியே நீட்டிக்கொண்டிருக்க விட்டேன். எடுத்து முடித்த ரோலில் நுனி உள்ளே போயிருக்கும், புது ரோலில் வெளியே இருக்கும், இரண்டையும் பிரித்துச் சொல்ல அந்த ஒரு அடையாளம்தான் உண்டு என்பது எனக்கு அப்போது தெரியாது. அந்த ரோலையும் இரண்டு புது ரோலையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு, தனியாகப் புதுச்சேரிக்கு பஸ் ஏறினேன்.

முதல் நாள், ஊருக்கு வருகிறவர்கள் எல்லோரும் எடுக்கும் மஞ்சள் சுவர்களை நானும் எடுத்தேன். ஒரு காகிதப்பூச் செடிக்கு முன்னால் இருபது நிமிடம் குந்தியிருந்தேன். ஆட்டோக்காரர் ஒருவர் நிறுத்தி, "எதுனா தொலைச்சிட்டீங்களாம்மா?" என்று கேட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. லாட்ஜில் பையைத் துழாவிக் கைக்குக் கிடைத்த ரோலை மாட்டிக்கொண்டு உப்பளம் பக்கம் நடந்தேன். ஒரு மாதா கோயில் வாசலில் பச்சைப் பட்டுப்புடவை கட்டிய பெண் போனில் கத்திக்கொண்டிருந்தார். "பைக்கு ரிப்பேர்னா நான் இன்னா பண்றது? ஃபாதர் ரெடியாயிட்டாருங்க!" போனை வைத்ததும் அவர் பார்வை என் கழுத்தில் தொங்கிய கேமராவில் விழுந்தது.

"மேடம், நீங்க போட்டோகிராபரா?"

இல்லை என்றுதான் சொல்ல வாயெடுத்தேன். "ஃபிலிம்ல மட்டும்தான் எடுப்பேன்" என்று வந்தது.

அவர் தம்பி குழந்தைக்கு ஞானஸ்நானம். பெண் குழந்தை. ஏற்பாடு செய்திருந்த போட்டோகிராபர் வழியில் நின்றுவிட்டார். அங்கிருந்த எல்லோர் கையிலும் போன் இருந்தது. ஆனால் அத்தைக்காரர் உறுதியாக இருந்தார். "போன்ல எடுத்தா போன்லயே கெடக்கும். ஆல்பத்துக்குக் கேமராதான். வாங்க மேடம், கடவுளா பாத்து அனுப்பியிருக்காரு."

கடவுள் அனுப்பிய ஆள் போலவே நடந்துகொண்டேன். போனோடு முன்னால் வந்தவர்களை ஒதுங்கச் சொன்னேன். குழந்தையின் அம்மாவை ஜன்னல் வெளிச்சத்துக்கு இரண்டடி தள்ளி நிற்கச் சொன்னேன். ஃபாதர் குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றிய சமயத்தில் ஃபிலிமை நகர்த்தும் லீவரைத் தள்ள மறந்துபோனதால் பொத்தான் அமுங்கவில்லை.

"ஃபாதர், இன்னொரு தடவை ஊத்த முடியுமா?"

"ஞானஸ்நானம் ஒரு தடவைதாம்மா" என்றார் அவர், கோபப்படாமல்.

முத்தியால்பேட்டையில் அவர்கள் வீட்டில் மதியம் பிரியாணி. என்னை முதல் பந்தியில் உட்கார வைத்தார்கள். படத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டவர்களிடம், ஃபிலிமில் உடனே பார்க்க முடியாது, காத்திருப்பதில்தான் அழகே இருக்கிறது என்று விளக்கினேன். குழந்தையின் அம்மா மட்டும், "நல்லா வந்திருக்கும்ல மேடம்?" என்று மெதுவாகக் கேட்டாள். "ஃபிலிம் பொய் சொல்லாதும்மா" என்றேன். இந்த வாக்கியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிறது.

மூன்று ரோலையும் சென்னையில் ஒரு லேபுக்குக் கூரியரில் அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து அங்கிருந்து ஒருவர் கூப்பிட்டார். "மேடம், ஒரு ரோல்ல ஒண்ணுமே இல்ல. இன்னொண்ணு ஃபுல்லா டபுள் எக்ஸ்போஷர். செம ஆர்ட்டிஸ்டிக்கா பண்ணிருக்கீங்க."

"ஆமா, ஒரு முயற்சி" என்று சொல்லிவிட்டு, அவர்கள் மெயிலில் அனுப்பியிருந்த படங்களைத் திறந்து பார்த்தேன்.

புது ரோல் ஒன்று பையிலேயே கிடக்க, வீட்டில் எடுத்த ரோலின் மேலேயே ஞானஸ்நானத்தையும் எடுத்திருந்தேன். ஃபாதர் கையை உயர்த்தி எங்கள் குக்கரை ஆசீர்வதித்துக்கொண்டிருந்தார். அத்தைக்காரரின் பச்சைப் பட்டு மேல் என் கணவரின் லுங்கி காய்ந்துகொண்டிருந்தது. எல்லாவற்றையும்விட மோசம், குழந்தையை மட்டும் கிட்டத்தில் எடுத்த படம். இருட்டான இடத்தில்தான் இரண்டாவது படம் தெளிவாக விழுமாம். என் கணவர் முகத்தில் இருந்த ஒரே இருட்டு, திறந்த வாய். வெள்ளைக் கவுனும் தொப்பியுமாகக் குழந்தை அதற்குள்ளே படுத்திருந்தது.

அத்தைக்காரரிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தபடி இருந்தது. "மேடம், படம் வந்துச்சா? ஆல்பம் வாங்கி வச்சிட்டேன்." லேபில் தாமதம் என்றேன். பிறகு மெஷின் ரிப்பேர் என்றேன். மூன்றாவது தடவை, லேபில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றேன். பக்கத்திலிருந்து கேட்ட என் கணவர், "இப்படியே போனா அந்த ஆளைக் கொன்னுடுவ. வா, நேர்ல போய்ச் சொல்லிட்டு வந்துடலாம்" என்றார்.

படங்களைப் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு முத்தியால்பேட்டைக்குப் போனோம். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். போட்டோகிராபர் இல்லை, டீச்சர். அதிலும் கணக்கு டீச்சர். மூன்று ரோலை எண்ணத் தெரியவில்லை. அத்தைக்காரர் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். லுங்கி வந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அவர் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்த குழந்தையின் அம்மா, அடுத்த படம் வந்ததும் நிமிர்ந்து என் கணவரைப் பார்த்தாள்.

"அண்ணி, இவருதான்! பாப்பாவ முழுங்குனவரு!"

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என் கணவர் என்ன செய்வதென்று தெரியாமல் வாயைப் பொத்திக்கொண்டார். அதைப் பார்த்து அவள் இன்னும் சிரித்தாள்.

அத்தைக்காரர் சிரிக்கவில்லை. "நாலு பேரு வந்து ஆல்பத்தப் பாத்தா நான் இன்னான்னு சொல்லுவேன்?" என்றார். "தண்ணி ஊத்தற நேரத்துல நான் போன்ல எடுத்துக்கினு இருந்தேன். நீங்கதான் தள்ளி நிக்கச் சொன்னீங்க."

மன்னிப்புக் கேட்டேன். அது போதாது என்பதும் தெரிந்தது. கடைசியில், நான் ஒதுக்கியும் ஒதுங்காமல் தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு சித்தப்பா போனில் எடுத்திருந்த வீடியோவை அவர்களே போட்டுக் காட்டினார்கள். தண்ணீர் விழுவது தெளிவாகத் தெரிந்தது. ஓரத்தில் என் முழங்கையும் தெரிந்தது. அத்தைக்காரர் நான் கொண்டுபோன படங்களைக் கவரில் போட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார். குழந்தையின் அம்மா ஒன்றை மட்டும் உருவி பீரோ கண்ணாடியில் செருகி வைத்தாள். எது என்று சொல்ல வேண்டியதில்லை. சாப்பிடாமல் விடமாட்டோம் என்று உட்கார வைத்து மீன்குழம்பு போட்டார்கள்.

அதற்குப் பிறகு பல மாதம் அத்தைக்காரரிடமிருந்து எந்தச் செய்தியும் இல்லை. போன மே மாதம் கூப்பிட்டார். அவருடைய மகனுக்குப் புதுநன்மையாம், முதல் நற்கருணை வாங்கும் நாள்.

"நீங்களும் அண்ணனும் கண்டிப்பா வரணுங்க்கா. ஆனா கேமராவ ஊட்டுலயே வச்சிட்டு வாங்க."

கேமரா இல்லாமல் போனோம். போட்டோகிராபர் முன்கூட்டியே வந்திருந்தார். அவருடைய லைட்டைப் பிடிக்க ஆள் தேவைப்பட்டபோது நானே முன்னால் போனேன். "கொஞ்சம் மேல தூக்குங்க மேடம், நிழல் விழுது" என்று அவர் சொல்லச் சொல்ல, காலை முழுவதும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.