உள்ளே யாரும் இல்லை என்று சொன்ன திரை

உங்கள் மாமா அமோனியா வாயுவில் சிக்கிக் கிடந்தபோது, உள்ளே யாருமே இல்லை என்று என் முன்னால் இருந்த கம்ப்யூட்டர் சொன்னது. பிள்ளைகளே, நீங்கள் இருவரும் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதிவைக்கிறேன்.

கும்மிடிப்பூண்டியில் இறாலை உறையவைத்து அனுப்பும் கம்பெனியில் எனக்கு டைம் ஆபீஸ் வேலை என்பது உங்களுக்குத் தெரியும். கேட்டை ஒட்டிய சின்ன அறை. வருகிறவர்களும் போகிறவர்களும் கார்டைத் தேய்ப்பார்கள்; பட்டியலில் உள்ள கார்டென்றால் பச்சை விளக்கு, இல்லையென்றால் சிவப்பு. என்னையும் சேர்த்து உள்ளே எத்தனை பேர் என்பது என் திரையில் ஓடிக்கொண்டே இருக்கும். சைரன் அடித்தால் எல்லாரும் கார்டைத் தேய்த்துவிட்டு எதிரே லாரி நிற்கும் மைதானத்துக்கு ஓட வேண்டும். திரையில் பூஜ்யம் வந்துவிட்டால், முகமூடி போட்ட மீட்பு ஆட்கள் உள்ளே போகத் தேவையில்லை. எங்கள் கம்பெனி முறை அது.

அந்த வாரம் சென்னையிலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். கேட் சாஃப்ட்வேரைச் சோதித்துப் பார்ப்பது அவர் வேலை. என் மேஜை ஓரத்திலேயே லேப்டாப்பை வைத்துக்கொண்டார். சோதனைகள் தாமாகவே ஓடும். யாரும் தொடாமலே லேப்டாப் திரையில் பெயர்கள் வரும், கார்டு தேய்த்த மாதிரி கணக்கு ஏறும், சட்டென்று எல்லாம் அழியும். மறுபடி முதலிலிருந்து.

“இன்னாம்மா, சேத்தத எல்லாம் நீயே அழிச்சிக்கினு கீறே?” என்று கேட்டேன்.

“கேன்டீன்ல ஒருத்தர் சாப்பிட்ட தட்டுலயே அடுத்தவருக்குப் போட்டா சாப்பிடுவாரா அண்ணா? அது மாதிரிதான். ஒரு டெஸ்ட் விட்டுட்டுப் போன ஆளு அடுத்த டெஸ்ட்ல நின்னுட்டு இருந்தா கணக்கு தப்பா வரும். அதனால ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி எல்லாத்தையும் தொடைச்சிட்டு, மூணு பொய் ஆளுங்கள மட்டும் வைப்பேன். மூணு பேரும் வெளிய இருப்பாங்க.”

“அப்ப நெஜ ஆளுங்க?”

“இது நகல் அண்ணா. உங்க லிஸ்ட் பக்கமே போகாது.” சிரித்தார்.

மறுநாள் காலை டீ குடித்து முடித்த சிறிது நேரத்தில் சைரன் அடித்தது. கம்ப்ரசர் அறையில், குளிரூட்ட ஓடும் அமோனியா கசிந்துவிட்டது. கண் எரிந்தது. ஆட்கள் கர்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். கேட் திறந்தே கிடந்ததால், கார்டைத் தேய்த்தபோது எரிந்தது பச்சையா சிவப்பா என்று எவரும் பார்க்கவில்லை. சேஃப்டி ஆபீசர் என் ஜன்னலில் தலையை நீட்டி, “உள்ள எத்தினி பேரு?” என்றார்.

பார்த்தேன். பூஜ்யம். அப்படியே சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டு, முகமூடி மாட்டிக்கொண்டிருந்தவர்களைக் கையமர்த்தினார்.

மைதானத்தைத் துழாவினேன். கம்ப்ரசர் அறையில் வேலை செய்யும் உங்கள் மாமாவை மட்டும் காணவில்லை.

“சார், என் மச்சான காணோம் சார்.”

“டீக்கடையில பாருய்யா. உம் மச்சான் வேற எங்க இருப்பாரு? அதான் ஜீரோ காட்டுதே.” பக்கத்தில் நின்ற ஒருவர் சிரித்தார்.

அப்போதுதான் அந்தப் பெண் என் திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“அண்ணா, நீங்க இன்னும் உள்ளதான இருக்கீங்க? ஒண்ணாவது காட்டணுமே.”

லேப்டாப்பைத் திருப்பியவரின் முகத்தில் ரத்தமே இல்லை. காலையில் எதையோ சரிபார்க்க நிஜப் பட்டியலோடு இணைத்திருக்கிறார், மாற்ற மறந்துவிட்டார். டீக்குப் பிறகு தொடங்கிய சோதனை எங்கள் எல்லாரையும் துடைத்துப் போட்டிருந்தது. திரையில் இருந்தது, வெளியே இருப்பதாக வைத்த அந்த மூன்று பொய் ஆட்கள்தான்; அதனால்தான் பூஜ்யம்.

அவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் வெளியே ஓடி ஆபீசரின் சட்டைக் கையைப் பிடித்தார். “சார், அந்த ஜீரோவ நம்பாதீங்க. அது நான் பண்ணது. உள்ள யாரு இருக்காங்கன்னு இப்ப யாருக்குமே தெரியாது.”

முகமூடிக்காரர்கள் அதற்குள் கம்ப்ரசர் அறைக்கு ஓடிவிட்டார்கள்.

கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தம்பி எங்கே என்று கேட்டால் உங்கள் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்பதைத் தவிர மண்டையில் வேறெதுவும் இல்லை. கையையும் காலையும் பிடித்து உங்கள் மாமாவைத் தூக்கிவந்தார்கள். வால்வை மூடப் போனவர் தலைசுற்றி கம்ப்ரசருக்குப் பின்னால் விழுந்திருக்கிறார். கண் ரத்தச் சிவப்பு. வாந்தி எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“அக்காகிட்ட சொல்லாத மாமா. பேஜார் பண்ணும்.”

ஆஸ்பத்திரியிலிருந்து கவரைப்பேட்டை வீட்டுக்கு அவர் வந்தபின் அந்தப் பெண் பார்க்க வந்தார். விபத்துக்கு முந்தின இரவு எடுத்துவைத்த நகலிலிருந்து எல்லார் பெயரையும் மீட்டாயிற்றாம். அன்று காலையில் தேய்த்த கார்டுகள் மட்டும் திரும்பவில்லை. லேப்டாப்பில் காட்டினார். அந்தத் தேதியில் உங்கள் மாமா பெயருக்கு நேரே ‘வரவில்லை’ என்று இருந்தது.

மாமா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப நான் உள்ளயே செத்திருந்தா, இவன் வேலைக்கே வர்லன்னு சொல்லிருக்கும் இல்ல?”

அந்தப் பெண் மாமாவிடம் அன்று வேலைக்கு வந்த நேரத்தைக் கேட்டு, அங்கேயே உட்கார்ந்து, ‘வரவில்லை’யை அழித்துவிட்டு அந்த நேரத்தை அடித்தார்.